பத்து கிலோவுக்குக் கீழே

எனக்கு வேலை எடைமேடையில்.
களியக்காவிளைக்கு ஒன்றரை கிலோமீட்டர் இந்தப் பக்கம்,
தகரக் கூரை, ஒரு மின்விசிறி, ஒரு ஜன்னல்.
லாரி காலியாக ஒரு தடவை ஏறும், பாரத்தோடு ஒரு தடவை.
கழித்துப் பார்ப்பது கம்ப்யூட்டர்.
சீட்டைக் கிழித்து நீட்டுவது நான், பியூலா,
நாற்பத்தொன்பது வயது,
எண்பத்து நாலு கிலோ இருநூறு.

அந்தக் கடைசி இருநூறைக் கண்டுபிடித்தது
மார்த்தாண்டத்து டாக்டரம்மாவின் தராசு.
செருப்பைக் கழற்றிவிட்டேன், வாட்சைக்கூடக் கழற்றிவிட்டேன்.

"சாப்பாட்டோட ஒண்ணு, மூணு நேரம்.
எண்ணெய் இல்லாத சாப்பாடுண்ணா மாத்திரை வேண்டாம்."
சிரித்துவிட்டேன்.
தேங்காய் அரைக்காமல் மீனை என்ன செய்ய?
பச்சைத் தேங்காயெண்ணெய் விடாமல் அவியலை எப்படி இறக்க?
கருப்பட்டிக் காப்பிதான் மிஞ்சும்.

"குடல்ல ஒரு செக்போஸ்ட்ணு வச்சுக்கிடுங்க.
மூணு லோடு கொழுப்பு வந்தா ஒண்ணை விடாது."
செக்போஸ்ட் பற்றி எனக்கா சொல்லித்தர வேண்டும்!
திருப்பிய லாரி எங்கே போய் நிற்கும் என்பதை மட்டும்
அவர் குரலைத் தணித்துச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மாட்டிறைச்சி வறுவல்,
நாலு மணிக்கு இரண்டு பழம்பொரி.
திங்கள் காலை கக்கூஸ் தண்ணீரில்
செம்மஞ்சள் வட்டங்கள்.
சாளைக்கறி ஆறினால் மேலே ஒதுங்குமே,
அதே நிறம்.
உடம்பு எனக்கொரு சீட்டு அடித்து நீட்டியிருந்தது,
நான் எனக்கே குறைத்து எழுதிவந்த கணக்கை
ஒரு சைபர்கூட விடாமல்.

மாதவிலக்கு நின்று இரண்டு வருஷம் கழித்து
மறுபடி நாப்கின் வாங்கினேன்.
மெடிக்கலில் நின்ற பெண்
பேப்பரில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டு,
"மகளுக்கா அக்கா?" என்றாள்.
எனக்கு ஒரே மகன், அபுதாபியில்.
"ஆமா" என்றேன்.
இருமலை அடக்கக் கற்றேன், தும்மலையும்.
லாரி ஹார்ன் அடிக்கிற நேரம் பார்த்து
விட்டுவிடலாம் என்று நினைத்த ஒன்றை
நம்பி ஏமாந்தேன் ஒருநாள்.
அன்று ஷாஜியின் சீட்டில் நம்பர் தப்பு.

மதினி மகளுக்குப் புதுநன்மை.
நான் சந்தன நிறப் பட்டில்.
பிரியாணியைத் தாண்டி, பொரித்த கோழியைத் தாண்டி,
இரண்டு கரண்டி சோறு, ரசம்.
"என்ன பியூலா, கோவமா?" என்றாள் ரெஜினா மதினி.
எங்கள் பக்கம் விருந்தில் சாப்பிடாதவள்
ஒன்று நோயாளி, இல்லையென்றால் சண்டைக்காரி.
சுகர் மாத்திரை என்றால் பந்தியே தலையாட்டும்.
மெலிய மாத்திரை என்றால்
இந்த வயசில யாருக்காக்கும் என்று கேட்கும்.
கோபம் என்றே இருக்கட்டும் என்று விட்டேன்.
சாயங்காலம் அவளே வந்து,
கையைப் பிடித்து, கண்கலங்கி,
மன்னிப்புக் கேட்டாள்.
எதற்கென்று நானும் கேட்கவில்லை.

மூன்று மாதம். எழுபத்தெட்டு அறுநூறு.
"கொள்ளாம்" என்றார் டாக்டரம்மா.

அன்று ராத்திரி பதினொன்றரைக்கு
லாரி வராத இடைவெளியில்
மேடை நடுவில் போய் நின்றேன்.
மாத்திரை தொடங்கிய அன்றும் இப்படி நின்றதுண்டு.
டிரைவர்களுக்காக வெளியே மாட்டிய பலகையில்
அன்று சிவப்பாக எண்பது.
இன்றும் எண்பது.
அறுபது டன் தாங்குகிற இரும்புக்கு
பத்து கிலோவுக்குக் கீழே கண் தெரியாது.

சும்மா நின்றேன். மழை மணம்.
எங்கோ ரப்பர் ஷீட்டின் வாடை.
பாறைப்பொடி ஏற்றிய லாரி ஒன்று
வெளிச்சத்தைத் தாழ்த்தி
நான் இறங்கக் காத்துக் கிடந்தது.
"அக்கா, எத்தற?" என்றான் ஷாஜி.
எடையைக் கேட்கிறானா, கூலியையா?

பாவாடை நாடாவை
இரண்டு விரல் உள்ளே இழுத்து முடிந்துகொண்டு
ஜன்னலுக்குப் போனேன்.
ராத்திரி போட வேண்டிய வைட்டமின்
இன்னும் போடவில்லை.